கண்ட்ரோல் சி தெரிந்தும் கை மவுஸை விடவில்லையா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டை பார்ட்டிகளின் பில்களை டேலி கணக்கு மென்பொருளிலும் எக்செல்லிலும் ஏற்றுவதுதான் நாள் முழுக்க வேலை. வலது மணிக்கட்டு வலிக்கிறது. கீபோர்டு ஷார்ட்கட் பட்டியலை பிரிண்ட் எடுத்து ஒட்டியும் காப்பி, பேஸ்ட் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். மனப்பாடம் செய்து விரல் பழகாது. உங்கள் கை எதற்காக மவுஸைத் தேடிப் போகிறது என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்றுக்குத்தான்: வேறு இடத்துக்குப் போக, வரிசையாக செலக்ட் செய்ய, ஏதாவது ஒரு லிஸ்டைத் திறக்க. காப்பி, பேஸ்ட் இந்த மூன்றிலும் சேராது. 1983இல் வந்த ஆப்பிள் லிசா கம்ப்யூட்டரிலேயே அவற்றுக்கு சி, வி எழுத்துகள்தான். இரண்டும் கீபோர்டின் இடது மூலையில் இருப்பதால் இடது கை அழுத்தும், வலது கை மவுஸிலேயே கிடக்கும். அவற்றை எவ்வளவு பழகினாலும் உங்கள் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்காது.

எக்செல்லில் நகர்வதற்கான கீகளைப் பிடியுங்கள். பில் நம்பர் வரிசையின் தலையில் நின்று கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கடைசி பில்லுக்குப் போய்விடும். நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியில் நின்றுவிடும். விடுபட்ட பில்லைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. கூடவே ஷிஃப்டையும் பிடித்தால் அவ்வளவும் செலக்ட் ஆகும். டபுள் கிளிக்குக்குப் பதில் எஃப் 2. கூட்டுத்தொகைக்கு ஆல்ட்டும் சமக்குறியும். மற்றவற்றை எக்செல்லே சொல்லித்தரும்: ஆல்ட்டை மட்டும் தட்டிவிட்டு மேலே பாருங்கள், ஒவ்வொரு மெனுவின் மேலும் ஓர் எழுத்து தெரியும். ஆல்ட், எச், வி, வி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் ஃபார்முலா இல்லாமல் மதிப்பு மட்டும் பேஸ்ட் ஆகும்.

டேலியில் மவுஸைத் தொடவே தேவையில்லை. விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9, தேதி மாற்ற எஃப் 2. என்ட்ரி போடும்போது புதுப் பார்ட்டி வந்தால் வவுச்சரை விட்டு வெளியே வராமல் ஆல்ட் சி அழுத்தி அவர் பெயரில் லெட்ஜர் (கணக்கு) திறக்கலாம். சேவ் செய்ய கண்ட்ரோல் ஏ. லேப்டாப்பில் எஃப் கீகளைத் தொட்டதும் சத்தம் கூடிக் குறைந்தால், எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

இணையப் படிவங்களில் அடுத்த கட்டத்துக்கு டேப், முந்தையதற்கு ஷிஃப்ட் டேப். ஆங்கிலத்தில் உள்ள மாவட்ட லிஸ்டில் நின்று வி தட்டினால் பெரும்பாலும் வேலூர் வந்துவிடும். ஆர் தட்டினால் ராமநாதபுரம்தான் முந்தும். ஆர், ஏ, என் என்று வேகமாகத் தட்டுங்கள், ராணிப்பேட்டை வரும்.

வலியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருளாக இருக்கலாம். தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். கீபோர்டிலும் மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து வைத்தால் வலி தொடரும். கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிட்டு, கீபோர்டு முழங்கை உயரத்தில் இருக்கும்படி நாற்காலியைச் சரிசெய்யுங்கள்.

வாரத்துக்கு இரண்டு கீ போதும். காலையில் முதல் ஒரு மணி நேரம் மவுஸை மானிட்டருக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். முதலில் வேகம் குறையும், அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருக்கும் 11, 20 தேதிகளை ஒட்டி ஆரம்பிக்காதீர்கள். 21ஆம் தேதி தொடங்கினால் அடுத்த ஃபைலிங்குக்குள் எக்செல் அம்புக்குறிகள் கைக்கு வந்துவிடும்.