பெயரைச் சொல்லும்போது ஏன் திக்குகிறது?

கேள்வி: போனில் என் பெயரைச் சொல்வதற்குள் வியர்த்துவிடுகிறது. பெயர் ‘ப’வில் தொடங்கும். உதடு ஒட்டிக்கொள்கிறது. மூச்சை நன்றாக இழுத்து, அடக்கிக்கொண்டு சொல்லிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: திக்கும் என்று தெரிந்த மற்ற சொற்களை மாற்றிப் பேசிச் சமாளிக்கலாம், பெயரை மாற்ற முடியாதே! அதனால்தான் பலருக்கும் பெயரில் சிக்கல். போனில் நம் முகம் தெரியாது, நொடி தாமதித்தால் எதிர்முனையில் “ஹலோ, ஹலோ” என்பார்கள். பதற்றம் கூடும்.

மூச்சை அடக்குவதை முதலில் விடுங்கள். அடக்கினால் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். ஏற்கெனவே உதட்டில் ஒரு பூட்டு. தொண்டையில் இன்னொன்றையும் போட்டுக்கொள்கிறீர்கள். சாதாரண மூச்சே போதும். அது வெளியே வரத் தொடங்கும்போதே, உதடுகள் பட்டும் படாமலும் இருக்க, ‘ப’வைச் சொல்லுங்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் பின்வாங்கி மறுபடி மோதாதீர்கள். ‘வந்து... அதாவது...’ என்று ஓடிவந்து தாண்டவும் வேண்டாம். சில நாளில் அந்த ‘வந்து’விலேயே திக்க ஆரம்பிக்கும். மாட்டிய இடத்திலேயே நின்று, எங்கே அழுத்துகிறீர்கள் என்று உணர்ந்து, பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, சொல்லை இழுத்தபடியே வெளியே வாருங்கள். அதையும் தவறவிட்டால், திக்கியபடியே சொல்லை முடித்து, 3 நொடி நிறுத்தி, அதே சொல்லை மென்மையாக இன்னொரு முறை சொல்லுங்கள். கற்கும்போது இந்தக் கடைசி முறையில் தொடங்குவதே எளிது.

தனியாக, பிறகு நெருங்கிய ஒருவரிடம், அதன் பிறகு போனில் என்று போங்கள். தனியறையில் சரளமாக வந்தது போனில் வராமல் போகும். அது தோல்வியல்ல, இடையில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். “எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது பாரத்தை இறக்கும். பாதித் திணறல், திக்கலை மறைக்கும் முயற்சியில்தான் வருகிறது.

கேள்வி: 4 வயது மகள் ‘அ-அ-அம்மா’ என்கிறாள். ‘மெதுவாகச் சொல்லு’ என்று திருத்தலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவள் முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும், பல குழந்தைகளுக்குத் தானாகவே மறையும். உங்கள் வளர்ப்பு காரணமல்ல. ஆனால் 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது கண்ணை இறுக மூடினாலோ, பேசவே தயங்கினாலோ ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள். பள்ளி செல்லும் முன்பே தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

கேள்வி: பாடும்போது திக்கவில்லை. அப்படியானால் எல்லாம் மனப்பயம்தானா?

பதில்: இல்லை. பாட்டில் சொல்லும் தாளமும் முன்பே தயார். குரலும் அறுபடாமல் ஓடுகிறது. பலரோடு சேர்ந்து வாசித்தாலும் திக்கல் குறையும். பயம் திக்கலைக் கூட்டும். ஆனால் அதன் வேர் மூளை பேச்சை இயக்கும் விதத்திலும் பரம்பரையிலும் இருக்கிறது. இதற்காக வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னால் கேட்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம்.