குளிரில் கைப்பேசி அணைந்து வழி தவறியது பற்றி

வணக்கம். அறியாத பாதையில் தனியாக மிதிவண்டி ஓட்டியபோது, 40 விழுக்காடு மின்னூட்டம் இருந்தும் கைப்பேசி அணைந்து, இருட்டில் வழி தவறியதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் கவலையாக இருந்தது. கடுங்குளிரில் லித்தியம் மின்கலத்தின் உள்தடை (மின்சாரம் பாய்வதற்கு அதனுள் இருக்கும் எதிர்ப்பு) கூடுவதால், மின்னூட்டம் மீதமிருக்கும்போதே கருவி அணைந்துவிடக்கூடும். ஆகவே அதை வண்டியின் கைப்பிடியில் பொருத்தாமல், உடலோடு ஒட்டிய உட்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முக்கியத் திருப்பங்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்வதுதான்: சூரியன் மறைய 3 மணி நேரம் இருக்கையில் கிளம்பினால், பாதை எவ்வளவு ஈர்த்தாலும் 1 மணி நேரம் ஆனதும் திரும்பத் தொடங்கிவிடுங்கள். போகும்போதே எதிர்க்காற்றைச் சந்திப்பது நல்லது, ஏனெனில் வியர்த்துக் களைத்துத் திரும்பும் உடலை அது மிகவும் வாட்டிவிடும். பாலங்களில் சாலைக்கு முன்பே பனி உறைந்து வழுக்கக்கூடும் என்பதால், அங்கே பிரேக் பிடிக்காமல் நேராக, மெதுவாகக் கடந்து செல்லுங்கள்.