வரி கட்டுகிறோமே, ஒரு நன்றி உண்டா அண்ணாச்சி?

முப்பது வருஷமாகத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

பாளையங்கோட்டை ஆசிரியர்: சம்பளம் கைக்கு வருமுன்னே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். அரசாங்கம் ஒரு தடவையாவது நன்றி சொன்னதுண்டா அண்ணாச்சி?

சொன்னது சார். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-ல் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. கெடுவுக்குள் கணக்கு தாக்கல் செய்து, பாக்கி வைக்காதவர்களுக்கு மின்னஞ்சலில் வந்தது. 1 கோடிக்கு மேல் கட்டியவருக்குப் பிளாட்டினம், 50 லட்சத்திலிருந்து தங்கம், 10 லட்சத்திலிருந்து வெள்ளி, 1 லட்சத்திலிருந்து வெண்கலம். என்னிடம் கணக்கு எழுதும் அரிசி மண்டிக்காரர் ஒருவர் வெண்கலத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மறுமாசம் பழைய வருஷத்துக் கூட்டல் தப்புக்கு நோட்டீஸ் வந்தது. அதையும் அதே ஆணியில்தான் குத்தி வைத்தார்!

தென்காசி வாசகர்: ரீஃபண்டோடு வட்டி என்று 412 ரூபாய் சேர்ந்து வந்திருக்கிறது. இதுதான் நன்றியா?

இல்லை தம்பி, உங்கள் பணத்தை வைத்திருந்ததற்குக் கூலி. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவுப்படி மாசத்துக்கு அரை சதவீதம். நீங்கள் பிந்தினால் மாசத்துக்கு ஒரு சதவீதம் வைக்க வேண்டும். வாங்க ஒரு படி, அளக்க ஒரு படி! அப்புறம், அந்த 412 ரூபாய்க்கும் வரி உண்டு. அடுத்த கணக்கில் காட்ட மறந்துவிடாதீர்கள்.

முக்கூடல், பீடி சுற்றும் அக்கா: எனக்கு வருமான வரியே கிடையாது. அப்போ நான் வரி கட்டுகிறவள் இல்லைதானே?

யாரும்மா அப்படிச் சொன்னது? போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் போட்டால், அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 45 ரூபாய் 61 காசு. குளிக்கிற சோப்புக்கும் 18 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்துதான் 5. வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. சோப்பு வாங்காமல் யாரும் தப்ப முடியாது. உங்கள் பேரில் கணக்கு இல்லாததால் வெண்கலம் வராது. நன்றி முதலில் உங்களுக்குத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

மேலப்பாளையம் வாசகர்: வரி கட்டினவன் பேரைத் தெருவுக்கு வைத்தால் என்ன?

ஜங்ஷனுக்குப் போகிற வழியில் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறதே, 1843-ல் அவர் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டியது. அது கொடை, பேர் நின்றுவிட்டது. நாம் கட்டுவது கொடை இல்லை, கடமை. அதனால் நான் நன்றி கேட்க மாட்டேன், கணக்குக் கேட்பேன். 2020 ஆகஸ்ட் 13-ல் வந்த வரி செலுத்துவோர் சாசனத்தைப் படித்துப் பாருங்கள். நம்மை நேர்மையானவர் என்றே கருதுவோம், மரியாதையாக நடத்துவோம், உரிய தொகையை மட்டும் வசூலிப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். நன்றி என்ற பேச்சே அதில் இல்லை. சரி, எழுதினபடி நடந்தால் போதும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: எனக்குப் பழைய முறை நல்லதா, புதியதா?

ஃபார்ம் 16 என்கிற சம்பள வரிப் பிடித்தச் சான்று, வீட்டுக்கடன் வட்டிச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். அல்வா மட்டும் வேண்டாம், எனக்குச் சர்க்கரை.