வேனின் முன்னும் பின்னும் வெவ்வேறு டயர் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது பின்சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஹயஸ் வேன். நான்கு சக்கரங்களிலும் 195/80 ஆர்15 டயர்கள் உள்ளன. பின்னால் மட்டும் 215/70 ஆர்15 போட்டால் பாரம் ஏற்றும்போது உறுதியாக நிற்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: டயரின் அகலம் பார்த்தவுடன் தெரியும், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்தால்தான் தெரியும். 195/80 ஆர்15 என்பதில் 195 டயரின் அகலம் (மில்லிமீட்டரில்), 80 அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, 15 ரிம்மின் விட்டம் (அங்குலத்தில்). உங்கள் டயரில் இந்த அளவை அடுத்து 107/105 என்று இருக்கும். ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 975 கிலோவும், இரட்டைச் சக்கரமாக ஓடும்போது 925 கிலோவும் தாங்கும் என்பது அதன் பொருள். 215/70 ஆர்15 அளவில் கார்களுக்கென வரும் டயரில் பெரும்பாலும் 98 என்ற எண்தான் இருக்கும். அது 750 கிலோவைக் குறிக்கிறது. ஆக, பின்னச்சின் இரண்டு டயர்களும் சேர்ந்து இதுவரை தாங்கிய 1,950 கிலோ, அகலமான டயர் போட்டபின் 1,500 கிலோவாகக் குறைந்துவிடும். ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அதே அளவில் வணிக வாகனங்களுக்கென ‘சி’ என்ற எழுத்துடனும் 109/107 என்ற எண்ணுடனும் வரும் டயர் ஒன்றுக்கு 1,030 கிலோ தாங்கும். உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அது பொருந்துகிறதா, முழுப் பாரத்தில் மட்கார்டில் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு போடலாம். பழைய டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 682, வேறுபாடு 1.6 விழுக்காடுதான். ஆனால் ஸ்டெப்னி 195 ஆகவே இருந்து, பின்னால் ஒரு பக்கம் அதை மாட்ட நேர்ந்தால், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியல், நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். எனவே பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என்னுடையது நான்கு சக்கர இயக்கமுள்ள வேன். எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. உங்களுக்கு 1.6 விழுக்காடும் அதிகம். ஒரு கிலோமீட்டருக்கு விட்டம் பெரிய 195 டயர் ஏறத்தாழ 459 முறையும் விட்டம் சிறிய 215 டயர் 467 முறையும் சுற்றும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான அந்த எட்டுச் சுற்று வேறுபாட்டை நடுவில் உள்ள இணைப்புதான் ஈடுகட்ட வேண்டும். பிசுபிசுப்பான திரவத்தால் இயங்கும் இணைப்பாக இருந்தால், அது தொடர்ந்து சூடேறி விரைவில் பழுதாகும். நெம்புகோலால் இணைக்கும் பழைய வகையில், காய்ந்த சாலையில் ஓட்டும்போது முன்பின் தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். நான்கு டயர்களும் ஒரே அளவிலும், தேய்மானத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு புதிய டயர்கள் வாங்கவே பணம் இருக்கிறது. திசைதிருப்புவது முன்சக்கரம் என்பதால் முன்னால் போடுவதுதானே சரி?

பதில்: பின்னால் போடுங்கள், முன்சக்கர இயக்க வண்டியானாலும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால், வேகத்தைக் குறைத்து ஓட்டுநரால் பெரும்பாலும் சமாளித்துவிட முடியும். பின்பக்கம் வழுக்கினால், உயரமான வேன் சுழன்றுவிடும். முன்னால் இருக்கப்போகும் பழைய டயரில் காடியின் (தரையைத் தொடும் பகுதியிலுள்ள பள்ளத்தின்) ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே அதையும் மாற்றத் திட்டமிடுங்கள்.

கேள்வி: மஸ்டா போங்கோ வகை வண்டிகள் சிலவற்றில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சிறியவையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் எப்படிச் சரியாகிறது?

பதில்: சரக்கு ஏற்றும் தளம் தாழ்வாகவும் சமதளமாகவும் அமைய வேண்டும் என்பதற்காகவே அங்கே சிறிய சக்கரங்களை இரட்டையாக வைத்தார்கள். இரண்டிரண்டாக இருப்பதால் பாரம் பகிரப்படுகிறது. பின்னச்சின் பல்விகிதம், பிரேக், வேகமானி எல்லாம் அந்த விட்டத்துக்கென்றே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டவை. இத்தகைய வண்டியில் ஓர் இணையின் இரு டயர்களும் ஒரே விட்டத்தில் இருக்கின்றனவா என்று காற்றடிக்கும்போதெல்லாம் பார்ப்பது நல்லது. ஒன்று சற்றே பெரிதாக இருந்தாலும் பாரத்தின் பெரும்பகுதி அதன்மேல் விழுந்து, அது சூடேறி வெடிக்கக்கூடும்.