நுவரெலியாவில் நடை நின்றுபோவது எதனால்

தம்பி,

மதுரையிலிருந்து இலங்கையின் நுவரெலியாவுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, ஊரில் தினமும் ஒரு மணி நேரம் நடந்தவன், இங்கே மழையும் குளிரும் எழவே விடுவதில்லை, எடை 5 கிலோ ஏறிவிட்டது, அந்த ஆர்வத்தை எப்படித் திரும்ப வரவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய பலருக்கும் முதல் மழைக்காலத்தில் இதுதான் நடக்கிறது. சப்பாத்து (ஷூவுக்கு இங்கே அதுதான் பேர்) காய்வதில்லை, இட்லி மாவு பொங்குவதில்லை. முதலாவதில் நடை நிற்கிறது, இரண்டாவதில் சாப்பாடு மாறுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்யுங்கள், ஆர்வம் தானாக வரும்.

முதலில் சப்பாத்து. தென்மேற்குப் பருவமழை நேரத்தில் ஒருமுறை நனைந்தால் வீட்டுக்குள் காய இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் அந்த ஈரத்துக்குள் காலை விட யாருக்கு மனம் வரும்? இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை உருவித் தனியே சாய்த்து வையுங்கள். கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் நுனிவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். அதை எடுத்துவிட்டுப் புதுத்தாள். படுக்கும் முன் இன்னொரு தடவை. சீக்கிரம் காயட்டும் என்று அடுப்போரம் வைத்துவிடாதீர்கள், சூட்டில் பசை இளகி அடிப்பாகம் வாய் பிளக்கும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றுப் பட்டதும் உடம்பு நடுங்கும். வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிற ஊர்க்கணக்கை இங்கே விட்டுவிடுங்கள். இருட்டிலும் மூடுபனியிலும் வளைவு ரோட்டில் வரும் லொறிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்து, ஆட்கள் வேலைக்கு இறங்கும் நேரத்தில் ரோட்டிலேயே நடங்கள். குறுக்குப்பாதை என்று தேயிலை மலைக்குள் இறங்க வேண்டாம். குளவிக்கூடு எங்கே இருக்கிறது, எந்த மலைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். சமதரை வேண்டுமென்றால் கிரகரி வாவிக்கரை (ஏரிக்கரை) இருக்கிறது.

மேட்டில் ஏறும்போது இரண்டு வார்த்தை பேச முடிகிற வேகம் போதும். ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே பாரம் தாங்குவதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்துக்குப் போகும். அடிபட்டுவிட்டது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. இது மூன்று நான்கு நாளில் அடங்கும். முதல் இரண்டு வாரம் ஊரில் நடந்ததில் பாதித் தூரம் போங்கள், இறக்கத்தில் காலடிகளைச் சிறிதாக வையுங்கள், முழங்காலை விறைப்பாக நீட்டாதீர்கள். மூட்டு வீங்கினாலோ, நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மழை கொட்டுகிற காலையில் யோசித்துக்கொண்டு நிற்காமல் வீட்டுக்குள்ளேயே 20 நிமிடத்தை முடித்துவிடுங்கள்: ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடை, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, வாசற்படியில் ஏறி இறங்குவது காலுக்குப் பத்து. இது ஒரு சுற்று, மூன்று சுற்று போதும். சிமெந்துத் தரை சில்லென்று இருக்கும், பாய் விரித்துக்கொள்ளுங்கள். முடியாத நாளில் ஒரு சுற்றாவது செய்யுங்கள். ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது.

இனி மாவு. இரவில் சமையலறை 12, 13 டிகிரிக்கு இறங்கினால் காலையில் மாவு அரைத்தபடியே இருக்கும். உடனே பாணும் (பிரெட்) சம்பலும், இல்லையென்றால் கோதுமை மா ரொட்டி. அங்கேதான் எடை ஏறத் தொடங்குகிறது. சனிக்கிழமை மத்தியானமே அரையுங்கள். ஊறவைக்கும்போது ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர். உப்பைப் புளித்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் குளிரில் இன்னும் தாமதமாகும். பாத்திரத்தைப் பாதிதான் நிரப்ப வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிய பெரிய சட்டிக்குள் அதை இறக்கி, மூடி, கம்பளியால் சுற்றி வையுங்கள். படுக்கும் முன் தண்ணீரை மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் ஓரத்து மாவு வெந்து கட்டியாகிவிடும். 14 முதல் 18 மணி நேரத்தில் பொங்கும்.

பயறும் கடலையும் வேகவில்லை என்று கைவிட்டிருப்பீர்கள். 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் அந்தச் சூட்டில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கரில் வைத்து, ஊரில் எடுத்த நேரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஊறவும் இங்கே அதிக நேரம் எடுக்கும், முதல்நாள் சாயங்காலமே வெந்நீரில் போடுங்கள்.

ரொட்டியை அடியோடு விடச் சொல்லவில்லை. பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா (நம் கேழ்வரகுதான்), ஒரு கைப்பிடி துருவிய கரட், பொடியாக நறுக்கிய லீக்ஸ். சுடுதண்ணீரில் பிசையுங்கள். குரக்கன் பாதிக்கு மேல் போனால் தட்டும்போதே விண்டுபோகும். கரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் விளைகிற ஊரில் இருக்கிறீர்கள், மத்தியானத் தட்டில் பாதி மரக்கறியாக இருக்கட்டும்.

கடைசியாகத் தேத்தண்ணி. குளிருக்கு ஒரு நாளில் ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 50 கிராம் ஆகிவிடும். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. சாயத்தண்ணியில் (பால் சேர்க்காத தேநீர்) இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கலக்காமல், சின்னத் துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். கரைத்துக் குடிப்பதைவிட மிகக் குறைவாகவே செலவாகும்.

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும், ஆனால் சில விடியற்காலைகளில் புல் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். அந்த நாட்களில் ஏழரைக்கு வெயில் விழுந்த பிறகு, பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிளம்புங்கள்.