பொன்னாடை வேண்டாம், ஜூனில் பணம் கொடுங்கள்

கேள்வி: ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பணி செய்யும் அமைப்புகளுக்கு, மறைந்த பெரியவர்கள் பெயரில் விருது கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறார்களே, இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன்? (ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: பொன்னாடை என்றதுமே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பத்துப் பேர் வரிசையில் வந்து ஒரே ஆளுக்குப் போர்த்துவார்கள். அந்தச் சரிகைத் துணியில் சீருடை தைக்க முடியாது. விடுதிப் பிள்ளைக்குப் போர்வையாகவும் ஆகாது, உடம்பில் குத்தும். பீரோவுக்குள் போய், அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்கு வரும். அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் என்று இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

சரி, விருதுக்கு வருகிறேன். விருது வேண்டும் என்பதே என் கட்சி. நம் கரையில் யார் பெயரில் என்று கேட்டால் கலாம் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவர் வாழ்க்கையில் என் மனதில் நிற்பவர் அவருடைய சகோதரி ஜோஹ்ரா. தம்பி சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது, தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தவர். கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் கைக்கு வந்த பணம் அது. ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் என்ன பிரயோசனம்?

இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் கையிருப்பு தீர்ந்து கடன் ஏறி நிற்கும்போதுதான் பள்ளிக்கூடம் திறக்கிறது. அப்பா இலங்கைச் சிறையில் இருந்தால் கேட்கவே வேண்டாம், மூத்த பையன் படகேறிவிடுவான். அம்மா கடலில் பாசி எடுக்கப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டோடு நின்றுவிடுவாள். பாம்பன் பக்கம் மாலை வகுப்பு நடத்தும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து காலியாக இருந்தால், விடிவதற்குள் கரைக்குப் போய்விடுவார். மீன் கூடை இறக்கிக்கொண்டிருக்கும் பையனை, படகு முதலாளியிடம் வாதாடிக் கையோடு கூட்டி வருவார். அவருக்குச் சம்பளம் பாக்கி. விருது விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுத இடம் இல்லை. தணிக்கைக் கணக்கும் ஆண்டறிக்கையும் கேட்கிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

ஆகவே, நினைவு நாள், பிறந்த நாள் என்று பார்க்காமல் ஜூன் தொடக்கத்தில் கொடுங்கள். கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள். இப்படிக் கரைக்கு ஓடுகிறவர்களின் சம்பளத்துக்கு, மூன்று வருஷத்துக்காவது வருகிற மாதிரி கொடுங்கள்.

அப்புறம் என் பழைய சண்டை ஒன்று. விழா மேடையில் பிள்ளைகளை நிறுத்தி, தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று மைக்கில் அறிவித்து, அந்தப் படத்தைப் பிரசுரிக்க நமக்கு அனுப்புகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூடக் கிடைக்கலாம். சட்டமே இல்லாவிட்டாலும் போட மாட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் போய் உட்கார வேண்டாமா? படத்தைத் திருப்பி அனுப்பியதற்காக விளம்பரத்தை நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தட்டும்.

வாசகரே, உங்கள் ஊர்க் கரையில் பள்ளி நேரத்தில் வேலை செய்யும் பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் பேசலாம்.