ஆட்டிசம் உள்ளவர்கள் பாட்டு வரிகளை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்வார்களா?

கேள்விக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். நாள் முழுக்கப் பாட்டுதான். ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுகிறான். ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறான். உவமையெல்லாம் அவனுக்கு ஏறவே ஏறாதா?"

நான் மருத்துவர் இல்லை. 31 வயதில் ஆட்டிசம் என்று உறுதியானவன். (ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்கிற மன இறுக்கம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. என் மனம் இறுக்கமாக இல்லை, சட்டைக் காலரில் இருக்கும் லேபிள்தான் உறுத்துகிறது.) என் அனுபவத்தை எல்லாருக்குமாக நீட்டிவிட முடியாது. ஆட்டிசம் உள்ள இரண்டு பேர் ஒரே பாட்டை ஒரே மாதிரி கேட்பார்கள் என்று சொல்லவே மாட்டேன்.

உங்கள் மகன் விழிப்பதற்கு உவமைதான் காரணம் என்று ஏன் நினைக்கிறீர்கள்? சொற்கள் அவனிடம் இன்னும் வந்தே சேராமல் இருக்கலாம்.

எனக்குப் பாட்டில் முதலில் வருவது குரலின் சொரசொரப்பு. அப்புறம் தாளம். அப்புறம், பின்னால் எங்கோ ஒரே ஒரு தடவை வந்துபோகும் மணிச் சத்தம். சொற்கள் கடைசியில்தான். பாடுகிறவரின் குரலும் எனக்கு ஒரு வாத்தியம். முழுப் பாட்டையும் ஒப்பிப்பேன், ஆனால் அது புல்லாங்குழல் மெட்டை விசிலடிப்பது மாதிரிதான். துள்ளலான ஒரு பாட்டை மூன்று வருஷம் காலை அலாரமாக வைத்திருந்தேன். ஒருநாள் அதன் வரிகள் எழுத்தில் கண்ணில் பட்டன. செத்துப்போன நண்பனை நினைத்து ஒருவன் அழுகிற பாட்டு. மூன்று வருஷமாக அந்த ஒப்பாரிக்கு உற்சாகமாகப் பல் தேய்த்திருக்கிறேன்.

தவறாகக் கேட்பதும் உண்டு. 'பல கை' என்று எழுதியிருந்ததை மெட்டு ஒட்டவைத்துவிட்டது, எனக்கு 'பலகை' என்றே கேட்டது. எல்லாரும் கூடி எதையோ தூக்குகிற அந்தப் பாட்டில், எனக்கு மட்டும் வருஷக்கணக்காக ஒரு மரப்பலகை மிதந்துகொண்டிருந்தது. இப்படி மாற்றிக் கேட்பது யாருக்கும் நேரும். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-லேயே இதற்கு 'மாண்டெக்ரீன்' என்று பேர் வைத்தார். என்ன, மற்றவர்கள் முன்பின் வரிகளை வைத்து 'இங்கே பலகை எப்படி வரும்?' என்று திருத்திக்கொள்வார்கள். நான் முன்பின் பார்ப்பதே இல்லை. பலகை வந்தால் பலகை.

இதற்காகப் பாட்டு எங்களுக்கு வெறும் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2012-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மூளையின் இடது முன்பக்கத்தில் மொழியோடு தொடர்புள்ள ஒரு பகுதி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பேச்சைக் கேட்டபோது மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவும், பாட்டைக் கேட்டபோது கூடுதலாகவும் இயங்கியது. படித்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். "அதான் நான் சொன்னா கேட்கமாட்டேங்கிற, பாடினா திரும்பிப் பார்க்கிற" என்றாள்.

சரி, நேர்ப்பொருளுக்கு வருகிறேன். ஏழு வயதில் ஒரு பாட்டில், அவள் இதயத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று ஒருவன் பாடுவதைக் கேட்டு, "அப்புறம் எப்படிப் பாடிக்கிட்டே இருக்கான்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பத்து வயதுக்குள் எனக்கே தெரிந்துவிட்டது: பாட்டில் இதயம் திருடுபோனால் காதல் என்று பொருள். அகராதியில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வது மாதிரி. தேய்ந்துபோன உருவகங்களை இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்திருக்கிறேன், தடையே இல்லை. உருவகம் புரிவதை ஆட்டிசம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அந்தக் குழந்தையின் சொல்வளமும் மொழித்திறனும் பெரும் பங்கு வகிக்கின்றன என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

புதிய உருவகம்தான் வேலை வைக்கும். 'உன் மௌனம் ஒரு கதவு' என்று வருகிறது என்று வையுங்கள். எனக்கு உடனே கதவு வந்துவிடும். மரக்கதவு, பச்சைப் பெயிண்ட், கீல் துருப்பிடித்தது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். உள்பக்கம் என்றால் அவள் பூட்டிக்கொண்டிருக்கிறாள், வெளிப்பக்கம் என்றால் வேறு யாரோ பூட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? இதை யோசித்து முடிப்பதற்குள் பாட்டு மூன்று வரி தாண்டியிருக்கும். அதே வரியைத் தாளில் கொடுங்கள், பாட்டெழுதியவரே யோசிக்காத அளவுக்குப் பொருள் சொல்வேன். எனக்குக் குறைவது நேரம். (படம் வருவதும் எல்லாருக்கும் பொதுவில்லை. தான் படங்களாகவே சிந்திப்பதாக எழுதிய, ஆட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டினே, எல்லா ஆட்டிசக்காரர்களும் அப்படியில்லை என்று பின்னால் திருத்திக்கொண்டார்.)

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எந்த உவமையையும் பொறுத்துக்கொள்வேன், முழுநிலவு நள்ளிரவில் உதிப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் உதிக்கும். நள்ளிரவில் உச்சியில் நிற்கும். பாட்டெழுதுகிறவர்கள் ஒருநாள் வெளியே வந்து பார்த்தால் என்ன?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பாட்டு வரிக்கு எங்களிடம் அர்த்தமே இல்லாமல் போவதில்லை. பல நேரம் நீங்கள் தேடுகிற இடத்தில் அது இருக்காது.

ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர், 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் ஒரு பையன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் முணுமுணுத்தவன். 1946-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் வருகிற ஒரு சிறுவன், சட்டியைப் பார்த்தால் போதும், "பீட்டர் ஈட்டர்!" என்று கத்துவான். கேட்பவர்களுக்கு உளறல். விஷயம் என்னவென்றால், அவனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, பீட்டர் என்பவனைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டை அம்மா சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் கையிலிருந்து சட்டி விழுந்தது. அவ்வளவுதான். சட்டிக்கும் அந்த வரிக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. கானர் இதை உளறல் என்று ஒதுக்கவில்லை, உருவகம் என்றார். அவன் சொந்தமாக உண்டாக்கிய உருவகம், அந்தச் சம்பவம் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னிடமும் ஒரு சட்டி இருக்கிறது.

எனக்கு ஆறு வயது. ஒரு படகுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 'அக்கரை போனதும்' என்ற இடத்தில் மின்சாரம் போய்விட்டது. போனதும் என்ன? தெரியாது. அன்றைக்கு முழுக்க அழுதேன் என்று அக்கா சொல்கிறாள். பிறகு அந்தப் பாட்டைப் பல தடவை கடைசிவரை கேட்டாயிற்று, ஆனால் வரி திருந்தவில்லை. எது பாதியில் அறுந்தாலும், பேனாவில் மை தீர்ந்தாலும், பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போனாலும், என் வாயில் "அக்கரை போனதும்" என்று வந்துவிடும். அதே இடத்தில் நிற்கும். வகுப்பில் இதைப் பாடிவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்படிக் கேட்ட சொற்றொடரை அப்படியே திரும்பச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள். ரொம்ப நாள் இதை நிறுத்த வேண்டிய கெட்ட பழக்கமாகத்தான் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பேச்சு-மொழி ஆய்வாளர் பேரி பிரிசன்ட் முதலானோர்தான், குழந்தை அதன் வழியாகக் கேட்கிறது, மறுக்கிறது, தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறது என்று கவனித்து எழுதினார்கள்.

உணர்ச்சி பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மெட்டு சோகமா சந்தோஷமா என்பது எங்களுக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மெட்டுகளைச் சிரித்த முகத்துக்கும் அழுத முகத்துக்கும் மற்றக் குழந்தைகள் அளவுக்கே சரியாகப் பொருத்தினார்கள் என்று பமீலா ஹீட்டன் குழுவினர் 1999-ல் காட்டினார்கள். எங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அலெக்ஸிதைமியா இருக்கிறது, அதாவது தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வராது. தொண்டை அடைக்கும், முதுகு சிலிர்க்கும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சத்தமா இருக்கு" என்பேன்.

அதனால் மகனிடம் 'அர்த்தம் என்ன' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அது பரீட்சைக் கேள்வி. எந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்கிறான் என்று பாருங்கள். ஒரு வரியை எப்போது பாடுகிறான், அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஏதோ ஒரு சட்டி அகப்படும். அகப்படாவிட்டாலும் பரவாயில்லை, சில வரிகள் நாக்குக்கு நன்றாக இருக்கின்றன என்பதற்காகவே பாடப்படுபவை.

எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அக்காதான், என்னுடைய பத்தாவது வயதில். நான் முணுமுணுத்தால் "என்னடா, எது நின்னுபோச்சு?" என்று கேட்பாள். போன மாதம், ஏழு மாதமாக அவள் உழைத்த ஒரு வேலையை அவளுடைய அலுவலகம் பாதியில் கைவிட்டது. அன்று இரவு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான்கு நொடி. வேறு ஒன்றும் இல்லை, "அக்கரை போனதும்" என்று பாடி அங்கேயே வெட்டியிருந்தாள். உடனே போன் செய்தேன். சுருதி கொஞ்சம் கீழே இருந்தது, முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்டேன்.